வெள்ளிக்கிழமை பிளேடு

காலை ஆறு நாற்பது. வெள்ளிக்கிழமை. தபால் இலாகாவில் இருப்பவனுக்கு நேரம் மறக்காது. தர்மபுரிக்குப் போகும் ஏழேகால் பஸ்ஸில் ஏற்ற வேண்டிய பையைக் கட்டிவிட்டு, சணல் முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தேன். பாப்பாரப்பட்டியில் எங்களுக்கு அலுவலகமும் வீடும் ஒரே கட்டடம். முன்னறையில் தபால், பின்னால் குடித்தனம், நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவுக்கு அப்பாலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. என் ரேசர் பெட்டியின் பித்தளைக் கொக்கி திறக்கும் சத்தம் அது. என் மகன் அன்று அதே பஸ்ஸைப் பிடித்துச் சேலத்தில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டும். அவனுக்கு இருபது வயது. எழுத்துத் தேர்வில் தேறி, அந்த ஒரு நாளுக்காக நான்கு மாதமாகக் காத்திருந்தான்.

“ஏன்டா, வெள்ளிக்கெழமயும் அதுவுமா மொகத்துல கத்தி வெக்கற? நேத்தே பண்ணிக்கறதுக்கு என்ன?” என்று என் மனைவி கேட்டாள்.

“நேத்து கரண்டு இல்லம்மா, கண்ணாடியில என் மூஞ்சியே தெரியல. இங்க பாரு, வெள்ளிக்கெழமைக்குன்னே தனியா ஒரு பிளேடு செஞ்சி வெச்சிருக்கான். வெள்ளக்காரன் சும்மாவா செய்வான்?”

நான் அரக்கை ஊற்றிக்கொண்டே சிரித்தேன். அவன் எந்த பிளேடை எடுக்கிறான் என்பது என் காதில் தெளிவாக விழுந்தது. எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். கையில் உருகிய அரக்கு இருந்தது, ஆறிவிட்டால் முத்திரை பதியாது. ஆறு வருடமாக அந்த அரக்கைத்தான் காரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெட்டி என் மாமனாருடையது. அணைக்கட்டு வேலையில் ஓர் ஆங்கிலேய இஞ்சினீயரிடம் அவர் எழுத்தராக இருந்தார். துரை ஊருக்குக் கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போனது. வெளியே கறுப்புத் தோல் ஒட்டிய மரப்பெட்டி, உள்ளே நீல வெல்வெட்டில் ஏழு பள்ளங்கள், பள்ளத்துக்கு ஒரு பிளேடு. கடையில் வாங்கிச் சவரம் செய்து எறிந்துவிடுகிற காகிதம் போன்ற பிளேடுகள் அல்ல அவை. நாவிதரின் கத்தியிலிருந்து இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி எடுத்தாற்போல், முதுகுப் பக்கம் தடித்து, கூர்ப் பக்கம் மெலிந்து, ஆப்பு மாதிரி இருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கிழமையின் பெயரை ஆங்கிலத்தில் பொறித்திருந்தார்கள். ஒரு நாள் உழைத்த பிளேடுக்கு ஆறு நாள் ஓய்வு. பிளேடை வைக்க ஒரு சின்ன உலோகத் தலை. அதன் முன்னால் சீப்புப் பல் போல ஒரு காப்பு, அடியில் ஒரு கைப்பிடி. பிளேடின் கூர் அந்தக் காப்பைத் தாண்டாமல் நிற்கும்வரை முகத்துக்கு ஆபத்தில்லை.

எங்கள் குடும்பங்களில் செவ்வாயும் வெள்ளியும் சவரம் செய்வதில்லை. மாமனாரும் செய்ததில்லை, நானும் செய்ததில்லை. ஆகவே துரை கொடுத்த ஏழில் ஐந்துதான் உழைத்தன. தீட்டித் தீட்டி அவை ஐந்தும் அகலம் குறைந்துகொண்டே வந்தன. செவ்வாயும் வெள்ளியும் கம்பெனிக்காரன் சுற்றிய எண்ணெய்க் காகிதத்துக்குள் புது மணப்பெண் மாதிரி இருந்தன. மாமனாருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் பெட்டி பரண் ஏறியது. அறுபதுகளின் தொடக்கத்தில் அது என் கைக்கு வந்தபோது உழைத்த ஐந்தும் துருப்பிடித்துப் பழுப்பாகியிருந்தன. தலையில் பிளேடை முன்பக்கம் பிடிக்கும் இரண்டு கொக்கிகளும் ஒடிந்திருந்தன.

மாதம் ஒருமுறை கணக்கு கொடுக்க தர்மபுரி தலைமை அலுவலகத்துக்குப் போவேன். பஸ் நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் ஒரு சாணைக்கடை. சுற்று வட்டாரத்து நாவிதர்கள் எல்லாரும் கத்தி தீட்டக் கொடுப்பது அங்கேதான். கடைக்காரரை எல்லாரும் பாய் என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். ஏறக்குறைய என் வயது. தாடியைச் சுற்றிக் கன்னத்திலும் கழுத்திலும் கோடு போட்டாற்போல் திருத்தி வைத்திருப்பார். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பிளேடாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு கடையில் காத்திருந்த இரண்டு பேரையும், பெட்டியைக் காட்டி, “நாளைக்கி வாங்க, இன்னிக்கி எனக்கு விருந்தாளி வந்திருக்கான்” என்று அனுப்பிவிட்டார்.

அந்த ஐந்து பிளேடுகளையும் மீட்க எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, சலித்த செங்கல் பொடியை ஈரத் துணியில் தொட்டுத் துருவை நகர்த்தினோம். சக்கரச் சாணையில் வைத்தால் சூட்டில் இரும்பின் பதம் போய்விடும் என்று அவர் அதைத் தொடவே இல்லை; எல்லாம் கையால்தான், எண்ணெய் தடவிய தட்டைக் கல்லில். பிளேடு சின்னது, விரலில் நிற்காது. அதைக் கவ்விப் பிடிக்க ஒரு பித்தளைப் பிடி செய்தார். பட்டாளத்துக்காரர் ஒருவரின் பழைய பெல்ட்டை ஆணியில் மாட்டி, அதில் பிளேடின் முதுகை முன்னே விட்டு இழுக்க வேண்டும், கூர்ப் பக்கத்தை முன்னே விட்டால் தோலும் போகும், பிளேடும் போகும். அதில் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கடத்தூர் சந்தைக்குப் போனால் பழைய இரும்பு விற்பவரிடம் குந்திக்கொண்டு ரேசர் தலைகளைத் தேடுவேன். திங்கள்கிழமை காலையில் நுரை பூசி, அந்தக் கனத்த பிளேடைக் கன்னத்தில் இறக்கும்போது கேட்கும் மெல்லிய கரகரப்புக்காகவே ஞாயிற்றுக்கிழமையைக் கடத்தியிருக்கிறேன்.

“சார், உங்க பொட்டியில ரெண்டு பேரு சும்மா ஒக்காந்து சம்பளம் வாங்கறாங்க. கவர்மெண்ட் ஆபீசு தோத்துது போங்க” என்பார் பாய், செவ்வாயையும் வெள்ளியையும் காட்டி. ஒரு நாள் வெள்ளியை மட்டும் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இத எனக்குக் குடுத்துடுங்க சார். எங்களுக்கு வெள்ளிக்கெழமதான் மொகம் திருத்தற நாளு. குளிச்சி, மொகத்த சரி பண்ணிக்கிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவோம். உங்க வூட்டுல இதுக்கு வேலயே இல்ல.” நான் சிரித்தேன். ஏழும் இருந்தால்தான் செட் என்றேன். மறு மாதமும் கேட்டார், விளையாட்டாக. மூன்றாம் முறை கேட்டபோது குரலில் விளையாட்டு இல்லை. பள்ளம் காலியாக இருக்காது, அதே அளவில் வேறு இரும்பில் ஒன்று செய்து வைத்துத் தருகிறேன் என்றார். நான் மறுபடியும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. ஒரு நாள்கூட உபயோகிக்காத ஒன்றை, அதை உபயோகிக்கத் தெரிந்த ஒருவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வராமல் போனதை என்னவென்று சொல்வது?

துரு நீக்கியதில் ஐந்து பிளேடுகளும் இன்னும் குறுகிவிட்டன. கொக்கி ஒடிந்த தலையில் வைத்தால் கூர் காப்புக்கு வெகுவாகப் பின்னால் நின்றது, முடியைத் தொடவில்லை. பாய் நெல் கனத்துக்கு ஒரு பித்தளைத் தகடு வெட்டி, பிளேடின் முதுகுக்குப் பின்னால் முட்டாகச் செருகினார். பிளேடு முன்னே வந்து சரியாக நின்றது. அந்த மாதம் என்னோடு மகனும் வந்திருந்தான். இருவரையும் பக்கத்தில் நிற்க வைத்துச் சொன்னார்: “நல்லா கேட்டுக்குங்க. தேஞ்ச அஞ்சு பேருக்குத்தான் இந்த முட்டு. தேயாத ரெண்டு பேர எப்பவாச்சும் போட்டீங்கன்னா, மொதல்ல முட்ட எடுத்துருங்க. இல்லாட்டி பிளேடு வாசப்படி தாண்டி வெளிய நிக்கும்.” கழற்றி மாட்டுவதற்காகவே அதைத் தளர்வாக வைத்திருந்தார்.

தளர்வாக இருந்ததால் அது அடிக்கடி விழுந்தது. நுரையோடு கழுவும்போது இரண்டு முறை சாக்கடையில் தேடி எடுத்தேன். மூன்றாம் முறை விழுந்த அன்று எரிச்சலாகிவிட்டது. செவ்வாய், வெள்ளியை யார் போடப்போகிறார்கள்? பாப்பாரப்பட்டி கடைத்தெருவில் காஸ் லைட் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய் ஈயம் வைத்துப் பற்றவைக்கச் சொன்னேன். “இது கழட்டி மாட்டறதுக்கு வெச்சதாட்டம் இருக்குதே சார்?” என்றார் அவர். “பரவால்ல, வைங்க” என்றேன். பாயிடம் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அது எனக்குத் தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஆறு ஐம்பதுக்கு என் மனைவி கத்தினாள். நான் ஓடியபோது மகன் கண்ணாடியின் முன்னால் நின்றபடியே இருந்தான். இடது தாடைக்குக் கீழே நுரை சிவந்து ஒழுகிக்கொண்டிருந்தது. படிகாரத்தைத் தேய்த்தேன், நிற்கவில்லை. துண்டு நனைந்து, அடுத்த துண்டு நனைந்தது. மருத்துவமனைக்கு அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போகும்போது ஏழேகால் பஸ் எங்களைக் கடந்து போயிற்று. தபால் பையும் போகவில்லை, மகனும் போகவில்லை. “ரெண்டு நூல் அந்தப் பக்கம் போயிருந்தா பெரிய நரம்பு சார்” என்று தையல் போட்டுக்கொண்டே சொன்னார் டாக்டர். அந்த இரண்டு நூல் அளவை, கால் அங்குலத்தை, நான் இன்றும் விரலில் அளந்து பார்க்கிறேன். மகன் வெளியூர் போய்த் தகவல் வராவிட்டால், இருமினால், கதவை உள்ளே தாழிட்டுக் குளித்தால்கூட என் விரல் அந்த அளவைத் தேடும்.

பக்கத்தில் நின்ற கம்பவுண்டர் கேட்டார், “இப்பிடி வெட்டியிருக்குதே, யாரு சாணை புடிச்சது?” வாசலில் அண்டை வீட்டார் ஏழெட்டுப் பேர். என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தர்மபுரி பாய்தான்” என்றேன். அந்த வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை. தீட்டியது அவர்தான். அதனால்தான் அது அவ்வளவு எளிதாக வாயில் வந்தது.

மறு வாரமே பெட்டியோடு தர்மபுரிக்குப் போனேன். கடையில் நாவிதர்கள் நாலைந்து பேர் கத்தியோடு காத்திருந்தார்கள். ரேசர் தலையை அவர் முன்னால் பலகையில் போட்டு, “உங்க வேல என் பையன் கழுத்துல ஒம்போது தையலா இருக்குது, போயி பாருங்க” என்று சத்தம் போட்டேன். பாய் சக்கரத்தை நிறுத்தினார். ரேசர் தலையைப் புரட்டிப் பார்த்தார். தகட்டின் ஓரத்தில் ஈயம் வழிந்து இறுகியிருந்த கோட்டின் மேல் கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் சக்கரத்தைப் பார்த்தேன். அந்தக் கடையில் ஈயம் வைக்கும் வேலையே கிடையாது, அது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அத்தனை பேர் முன்னால் நான் நின்றிருக்க முடியாது.

“தம்பி நல்லா இருக்கானா சார்? அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் அவர் ஈயத்தைப் பற்றிப் பேசவில்லை என்று எத்தனையோ விதமாக யோசித்திருக்கிறேன். பிள்ளையின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வந்தவனை ஊர் முன்னால் நிறுத்த வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். சொன்னாலும் யார் நம்புவார்கள் என்றும் நினைத்திருக்கலாம். அது எதுவானாலும் அவர் மனத்தில் இருந்தது, நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

வருடம் திரும்புவதற்குள் அந்தச் சந்தில் கடை இல்லை. நான் அதற்குப் பிறகு தலைமை அலுவலகத்துக்கு வேறு தெரு வழியாகப் போனேன். பெட்டி பரணுக்குப் போனது. மகனும் நானும் காகித பிளேடுக்கு மாறினோம். ஊர்க் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்துகிறவன், அவருக்கு எழுதிய இன்லேண்டுக் கடிதங்களை ஒட்டுவேன், கிழிப்பேன். விலாசம் தெரியாது என்பது எனக்கு ஒரு வசதியாக இருந்தது. மகனுக்கு இரண்டு வருடம் கழித்து வேறு வேலை கிடைத்தது, அவன் விரும்பியதைவிடச் சின்ன வேலை.

போன மாதம் அவனுக்குப் பெண் தருவதாக ஒரு குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. பெண்ணின் சித்தப்பா, “மாப்ளைக்குக் கழுத்துல என்னங்க அது?” என்று கேட்டார். நான் ஆரம்பித்தேன். தர்மபுரியில ஒரு சாணைக்காரர், அவரை நம்பிக் கொடுத்தேன் என்று. கை அசைவு, இடையில் ஒரு நிறுத்தம், கடைசியில் ஒரு பெருமூச்சு என்று எல்லாம் பழகிய இடத்தில் பழகிய மாதிரி வந்தன. வந்தவர்கள் ‘அடப் பாவமே’ என்றார்கள். மகன் எழுந்து பின்பக்கம் போய்விட்டான்.

அவர்கள் போன பிறகு அவன் சொன்னான். “அப்பா, அன்னிக்கி நான் முட்ட எடுக்கப் பாத்தேன். பாய் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. வரல. உத்துப் பாத்தேன், ஈயம் வெச்சிருந்துச்சு.”

“தெரிஞ்சுமா போட்ட?”

“நீங்கதான் வெச்சிருப்பீங்கன்னு தெரிஞ்சுது. அப்பா செஞ்சா அளவு பாத்துத்தான் செஞ்சிருப்பாருன்னு வுட்டுட்டேன்.” பிறகு, “இனிமே யாருகிட்டயும் அந்தக் கதய சொல்லாதீங்கப்பா” என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கெஞ்சுவதைப் போலச் சொன்னான். ஆறு வருடம் என் பொய்க்குள்ளே அவன் வாய் மூடி உட்கார்ந்திருந்திருக்கிறான்.

மறுநாள் தர்மபுரிக்குப் போனேன். அன்றைக்குச் சாணைக்கடையில் இருந்தவர்களில் ஒருவர் இப்போது பெரிய சலூன் வைத்திருக்கிறார். “வாங்க போஸ்ட்மாஸ்டர் சார், கட்டிங்குங்களா?” என்றார். நின்றபடியே சொன்னேன்: ஈயம் வைத்தது நான், பாய் எச்சரித்திருந்தார், தப்பு முழுக்க என்னுடையது. அவர் கையில் கத்தி நின்றுவிட்டது. நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு இருந்தவர், “மொதல்ல என்னைய முடிச்சி வுடுப்பா, நொர காயுது” என்றார்.

“இருங்கண்ணா, ஒரு நிமிசம்” என்று அவரை அடக்கிவிட்டு சலூன்காரர் என் பக்கம் திரும்பினார். “ஏன் சார், ஆறு வருசம் கழிச்சு வந்து எங்கிட்ட சொல்றீங்களே, நான் என்ன கோர்ட்டா? நாங்க நாலு கடக்காரங்களும் ஒரே வாரத்துல கத்திய திருப்பி வாங்கிக்கினோம். அந்த மனுசன் ஏன்னு ஒரு வார்த்த கேக்கல. என் கத்தி பாதி தீட்டியிருந்துச்சு. ‘ஒக்காரு, பாதியில குடுத்தா யாரு மொகத்தையாச்சும் அறுத்துடும்’னு சொல்லி, முடிச்சித்தான் குடுத்தாரு.” கத்தியை மேசையில் வைத்தார். “நானும் அன்னிக்கி கேட்டிருக்கணும். கேக்கல. வுடுங்க.” பாய் கிருஷ்ணகிரியில், மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டும் கத்திகளைத் தீட்டிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லி விலாசத்தையும் அவரே எழுதிக் கொடுத்தார்.

கடிதத்தில் நான் நடந்ததை மட்டும் எழுதினேன். சலூனில் சொன்னதையும் எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லை எழுதி அடித்துவிட்டேன். அது அவரிடம் எதையோ கேட்பதாக இருந்தது. முத்திரை குத்தி, கிருஷ்ணகிரிக் கடிதக் கட்டுக்குள் வைத்து, பையைக் கட்டும்வரை என் கை அதை வெளியே எடுக்கப் போய்க்கொண்டே இருந்தது. முடிச்சின் மேல் அரக்கு ஊற்றிய பிறகுதான் கை அடங்கியது.

மூன்று வாரம் பதில் இல்லை. போன வெள்ளிக்கிழமை காலை, பத்து மணிக்குக் கூட்டம் குறைந்த நேரத்தில், ஜன்னலுக்கு வெளியே ஒருவர் வரிசையில் நின்றிருந்தார். தாடி நரைத்திருந்தது. கன்னத்துக் கோடு அன்று போலவே நேராக இருந்தது. நான் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் மனைவிதான் கதவைத் திறந்து, “உள்ள வாங்க” என்று அழைத்தாள். மகன் நாற்காலி போட்டான். பாய் அவனைப் பக்கத்தில் அழைத்து, மோவாயைத் தூக்கி, தழும்பை வெளிச்சத்தில் பார்த்தார். பிளேடைப் பார்க்கிற அதே பார்வை. “நல்லா கூடியிருக்குது” என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் பேச வாயெடுத்தேன். “லெட்டரு வந்துச்சு சார்” என்று கையைக் காட்டினார். “பொட்டிய எடுத்தாங்க.”

மகன் பரணிலிருந்து இறக்கித் துடைத்து அவர் மடியில் வைத்தான். ‘டிக்’ என்று கொக்கி திறந்தது. ரேசர் தலையை எடுத்து, என் மேசையில் அரக்கு உருக்க எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கின் மேல் குறடால் பிடித்தார். ஈயம் பளபளத்து இளகிச் சொட்டியது. தகடு தானாக நழுவி மேசைமேல் விழுந்தது. அது ஆறட்டும் என்று விட்டுவிட்டு, பெட்டியின் நீல வெல்வெட்டிலிருந்து ஒரே ஒரு பிளேடை எடுத்துச் சட்டைப் பையிலிருந்த துணியில் சுற்றிக்கொண்டார்.

“வெள்ளிக்கெழமைய நான் எடுத்துக்கறேன் சார். உங்க வூட்டுல இதுக்கு வேல இல்லன்னு நான் அப்பவே சொன்னேன்.”